கை பட்டால் விரிசல் விடும் மஞ்சள் கல்!

குழந்தைகளே! தபால்தலை, நாணயம் சேர்ப்பதுபோல் கல் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் ஆசைப்படும் ஒரு கல், எலுமிச்சம்பழ நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும். அதுதான் கந்தகப் படிகம். ஆமாம், பட்டாசு மருந்தில் சேர்க்கிறார்களே, அதே கந்தகம்தான்!

எங்கே கிடைக்கும்?

விழுப்புரம் மாவட்டம் பனமலையில், ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில் குன்றின்மேல் நிற்கிறது. அந்தக் குன்று முழுவதும் தேடினாலும் கந்தகப் படிகம் கிடைக்காது. அது பூமியின் ஆழத்தில் உருவான, மிகப் பழைய கடும்பாறை.

எரிமலை வெடிப்புகளில் வெளிவரும் சூடான வாயு குளிரும்போதுதான் கந்தகம் மஞ்சளாகப் படியும். நம் நாட்டில் அந்தமானின் பாரன் தீவில் அப்படி ஓர் எரிமலை உண்டு. நீண்ட காலம் அடங்கியிருந்த அது, 1991இல் மீண்டும் சீறியது.

ஜிப்சம், சுண்ணாம்புப் படிவுகளில் நுண்ணுயிர்களாலும் கந்தகம் உருவாகும். இத்தாலியின் சிசிலித் தீவில் கிடைத்த அழகிய படிகங்கள் இவ்வகை. ஆனால், அங்குள்ள கந்தகச் சுரங்கங்களில் ஒரு காலத்தில் உங்கள் வயதுச் சிறுவர்களே கல் சுமந்தார்கள் என்பது சோகமான செய்தி.

கடையில் விற்கும் கந்தகக் கட்டி, உருக்கி வார்த்தது. சென்னை மணலியில் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் கந்தகம் பிரித்தெடுக்கப்படுகிறது.

கையில் எடுக்கலாமா?

கூடாது! கந்தகம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளங்கைச் சூட்டில் வெளிப்புறம் விரியும். உட்புறம் குளிர்ந்தே இருக்கும். உடனே 'சடசட' என்று விரிசல் விடும். அதனால் படிகத்தைத் தொடாமல், அது ஒட்டியிருக்கும் பாறையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். வெயில் படாத இடத்தில், பஞ்சு வைத்த பெட்டியில் வைப்பார்கள். பக்கத்தில் வெள்ளிப் பொருள் இருந்தால் அது கறுத்துவிடும். நெருப்பின் அருகே கொண்டுபோகவே கூடாது. எரிந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

நீங்களும் தொடங்கலாம்!

கந்தகம் கிடைக்காவிட்டால் என்ன? தெருவோரம் கிடக்கும் வெள்ளை வெங்கச்சங்கல்லே முதல் கல்லாகட்டும். எங்கே, எந்த நாளில் எடுத்தீர்கள் என்று சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டு இல்லாத கல், பெயர் எழுதாத விடைத்தாள் மாதிரி!

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பனமலைபோன்ற கோயில் குன்றுகளில் கல்லை உடைக்கக் கூடாது. திருவக்கரையின் கல்மரங்கள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அங்கே கண்ணால் மட்டும் சேகரியுங்கள்!