கருவி மட்டும் போதுமா?

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பார்வை மங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். நல்லுள்ளம் படைத்தோர் அவனுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கித் தந்தனர். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன்; அது பைக்குள்ளேயே கிடந்தது. காரணம் கேட்டேன். "குனிஞ்சே படிச்சா கழுத்து வலிக்குது சார், வெளிச்சமும் பத்தல" என்றான். தோட்டத்துத் தச்சரிடம் சொல்லிச் சாய்வுப் பலகை ஒன்று செய்வித்து, அவனைச் சன்னலோரம் அமர்த்தினேன். கண்ணாடி பையை விட்டு வெளியே வந்தது. கொடுத்தவர்களும் நானும் முதலில் அவனைக் கேட்க மறந்தோம். அதுவே எங்கள் பிழை.

உடற்பேறு குறைந்தோர் தம் அலுவல்களைத் தாமே செய்துகொள்ள உதவும் பொருள்கள் துணைக்கருவிகள் எனப்படும். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, செவிக்கருவி, பேசும் கணினி யாவும் இவற்றுள் அடங்கும். இவற்றைத் தேர்ந்து, பொருத்தி, பழக்குவதையே தொழிலாகக் கொண்டோர் இன்று உளர். சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பொறியாளர் எனப் பல துறையினர் இப்பணிக்கு வருகின்றனர்.

இத்தகையோர் எதற்கு? கருவியை வாங்கிக் கொடுத்தால் போதாதா? போதாது. அமெரிக்காவில் 227 பேரிடம் செய்த ஆய்வொன்றைப் பிலிப்ஸ், சாவோ என்னும் இருவர் 1993-இல் வெளியிட்டனர். பெற்ற கருவிகளுள் 29.3 விழுக்காடு அறவே கைவிடப்பட்டிருந்தன. அதனோடு தொடர்புடையனவாக அவர்கள் கண்டவை நான்கு: பயன்படுத்துவோர் கருத்தைக் கேளாமை, கருவி எளிதாகக் கிடைத்துவிடுதல், கருவி செவ்வனே இயங்காமை, தேவை மாறிவிடுதல். என் மாணவன் கதை இவற்றுள் முதலாவதன்றோ?

ஆகவே இப்பணியாளரின் முதல் வேலை கேட்பது. "நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" என்பதே தொடக்கம். பின்னர் அவர் வாழும் இடத்தைப் பார்த்தல், இரண்டு மூன்று கருவிகளைப் பயன்படுத்திப் பார்க்கச் செய்தல், பழக்குதல், சில திங்கள் கழித்து மீண்டும் சென்று காணுதல். கணினித் திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இதனை விலையின்றிப் பெறலாம். ஆயினும் புதியவருக்கு அக்குரல் விளங்காத இரைச்சலே. குரலின் வேகத்தைக் குறைத்து, விசைகளை ஒவ்வொன்றாகப் பழக்கி, பின் வேகத்தைக் கூட்டிச் செல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

தமிழாசிரியருக்கு இதில் தனி இடமும் உண்டு. ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெய்ல் எழுத்தில் தமிழும் எழுதப்படுகிறது. அச்சில் 'கொ' என்னும் எழுத்தில் ஒகரக் குறி ககரத்தின் இருபுறமும் நிற்கும். பிரெய்லிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம். அச்சில் மெய்யின் தலைமேல் ஏறும் புள்ளி, பிரெய்லில் எழுத்துக்கு முன்னே தனிக் குறியாக வரும். உயிர்மெய்யுள் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் கண்ட முறையை விரல் நுனியால் உணர்த்துகிறது இவ்வெழுத்து! இலக்கணம் கற்றவர் இதனை விளக்கினால் குழந்தை உருப்போட வேண்டியதில்லை, புரிந்துகொண்டே படிக்கும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றோம். துணைக்கருவிப் பணியின் அடிப்படையும் அதுவே. எதிர்காலத்தில் என்ன தொழில் கற்கலாம் என்று நம் மாணவர்கள் கேட்கும்போது, மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு இதனையும் சொல்லுவோம். நம் வகுப்பில் எவரது பைக்குள்ளேனும் ஒரு கருவி உறங்குகிறதா என்று நாளைக் காலையே பார்ப்போம். உறங்கினால், ஏன் என்று அக்குழந்தையையே கேட்போம்.