எந்தத் திரையில் எழுதுவது?

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 ஆம் ஆண்டு அறிமுகமான பின்னர், கணினி நிரல் எழுதும் கல்வி தலைநகர் மாணவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. தோப்பூர் மாணவர் ஒருவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கணினி விஞ்ஞானம் பயிலலாம். ஆனால் அவர் கற்க வேண்டிய நிரலை இன்று செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. அந்த உதவியாளரை எந்தத் திரையினூடாக அணுகுவது என்பதே இப்போது எழுந்துள்ள வினாவாகும்.

2021 ஜூனில் அறிமுகமான கிட்ஹப் கோபைலட், நிரல் எழுதும் செயலிக்குள்ளேயே அடுத்த வரியை முன்மொழிந்தது. 2025 பெப்ரவரியில் வந்த கிளோட் கோட், எழுத்துக் கட்டளைகள் மட்டுமே தோன்றும் டெர்மினலை இருப்பிடமாக்கிக் கொண்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் இணைய உலாவிக்கும் வந்தது. ஓப்பன் ஏஐயின் கோடெக்ஸும் அதே ஆண்டில் இவ்விரு வழிகளிலும் கிடைத்தது.

இது வெறும் தோற்றத்தைப் பற்றிய தெரிவன்று. செயலியிலும் டெர்மினலிலும் வேலை நமது கணினியில், நமது கோப்புகள் மீது நடைபெறுகின்றது. உலாவியிலோ நிரலின் பிரதியொன்று நிறுவனத்தின் கணினிக்குச் சென்று அங்கு திருத்தப்படுகின்றது. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட 2022 ஆம் ஆண்டை மறவாத நமக்கு, வீட்டில் மின்சாரம் நின்றாலும் வேலை தொடரும் என்பது சிறிய வசதியன்று. மடிக்கணினி வாங்க இயலாது, கையடக்கத் தொலைபேசியோடு வீட்டிலிருந்தே தொழில் பழக விரும்பும் யுவதிக்கும் இதுவே வாய்த்த வழி.

டெர்மினலைப் பயன்படுத்தினால் எதுவும் வெளியே போகாது என்ற எண்ணம் தவறானது. இத்தகைய கருவிகள் வாசிக்கும் பகுதிகள் பொதுவாக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பப்பட்டே விடை பெறப்படுகின்றது. கடைக்காரர் ஒருவர் அமானிதமாக ஒப்படைத்த வாடிக்கையாளர் விபரங்களை, அவரது சம்மதமின்றி எந்தத் திரையிலும் திறந்து வைக்கலாகாது. உலாவியில் இயங்குவதால் ஆபத்தில்லை என்பதுமில்லை. 2025 ஜூலையில் உலாவிவழிச் சேவையான ரெப்லிட்டின் உதவியாளர், பயனாளர் ஒருவரின் தரவுத்தளத்தையே அழித்துவிட, நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

தமிழில் வினவுவோருக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. டெர்மினல் எழுத்துகளை ஒரே அளவான கட்டங்களில் அடுக்குவது. ஆங்கிலத்துக்கென அமைந்த அந்த ஏற்பாட்டில் ‘கொ’, ‘கௌ’ போன்றவை பலவேளைகளில் கொம்பு வேறு, கால் வேறாகச் சிதைகின்றன. செயலியின் உரையாடல் பகுதியிலும் உலாவியிலும் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

கற்கும் மாணவருக்குச் செயலியே முதலில் உகந்தது என்பது எமது கருத்து. நீக்கப்படும் வரி சிவப்பிலும் சேர்க்கப்படும் வரி பச்சையிலும் கண்முன்னே நிற்க, ஏற்பதா மறுப்பதா என்று அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கும். டெர்மினலும் அனுமதி கேட்கத்தான் செய்கின்றது. எனினும் வாசியாமலே ‘ஆம்’ என்று அழுத்தும் பழக்கம் அங்கு எளிதில் தொற்றிக்கொள்ளும். மாதம் 20 டொலர், அதாவது ஆறாயிரம் ரூபாவை அண்டிய கட்டணம் செலுத்தித்தான் தொடங்க வேண்டும் என்பதுமில்லை. கோபைலட் 2024 டிசம்பரில் இலவசப் பிரிவொன்றைத் திறந்தது. கணினிக்கூடங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் அத்தகைய பிரிவுகளிலிருந்து ஆரம்பிக்கலாம்.