பிரேக் பெடலைத் தேடுகிறதா கால்? பைக்கில் இதைச் சரிசெய்யுங்கள்!

காலையில் ஷூ போட்டு அப்பா ஓட்டும் அதே பைக்கை, மாலையில் செருப்புக் காலோடு மகனோ மகளோ கடைக்கு எடுத்துப் போவது பல வீடுகளில் வழக்கம். ஆளுக்கு ஆள் கால் நீளமும் பாத அளவும் மாறும். ஆனால், பிரேக் பெடலும் கியர் லீவரும் வண்டி வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணாடியைத் திருப்பிவைப்பவர்கள்கூட இவற்றைக் கவனிப்பதில்லை.

40 கி.மீ வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். பெடலைத் தேடிக் கால் அரை நொடி தடுமாறினால், பிரேக் பிடிக்கும் முன்பே ஐந்தரை மீட்டர் போயிருக்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், அந்தத் தூரம்தான் எல்லாமே.

எந்த உயரம் சரி?

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, தினமும் அணியும் செருப்பு அல்லது ஷூவோடு உட்காருங்கள். வலது பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து தூக்காமல், முன்பாதத்தால் அழுத்தினாலே பெடல் இறங்க வேண்டும். சும்மா இருக்கும்போது காலின் எடை பெடலில் விழக் கூடாது. விழுந்தால் பிரேக் உரசிச் சூடாகும்; பிரேக் லைட்டும் எரிந்துகொண்டே இருந்து, பின்னால் வருபவரைக் குழப்பும்.

பிரேக் பெடல்

பல மாடல்களில் பெடலின் அருகே லாக் நட்டுடன் சிறிய ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருகினால் பெடலின் உயரம் மாறும். டிரம் பிரேக் என்றால், பின்சக்கரத்தருகே ராடின் முனையில் உள்ள நட்டைத் திருகி ஃப்ரீ ப்ளேயையும் சரிபாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்தான் அது. பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ இருக்கும், உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் உண்டு. செயினை இறுக்கும்போதெல்லாம் இந்த அளவு குறையும் என்பதால், அப்போதும் பார்க்க வேண்டும்.

டிஸ்க் பிரேக், பின்பெடலை மிதித்தால் முன்பிரேக்கும் பிடிக்கும் சி.பி.எஸ் வசதி ஆகியவை இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கியர் லீவர்

கணுக்காலை அதிகம் வளைக்காமல், கால்விரல் லீவருக்கு அடியில் நுழைய வேண்டும். தடிமனான ஷூ அணிபவர்களுக்கு லீவர் சற்று உயரமாக இருப்பது வசதி. லீவர் பொருந்தும் தண்டில் பற்கள் இருக்கும். பழைய இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, போல்ட்டை முழுவதும் கழற்றி, ஒரு பல் மட்டும் தள்ளி மாட்டுங்கள். அதுவே கணிசமான வித்தியாசம் தரும்.

கடைசியாக...

பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். பெடலை லேசாக மிதித்ததும் பிரேக் லைட் எரிய வேண்டும். பிறகு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே பைக்கைப் பலர் ஓட்டினால், அத்தனை பேரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகே ஸ்பேனரை எடுத்துவையுங்கள்!