புதர் மண்டிய வீட்டுத் தோட்டத்தைச் சீரமைத்தல்

புதர் மண்டிய வீட்டுத் தோட்டத்தைச் சீரமைத்தல் என்பது, நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்த கொல்லையில் களைகளை நீக்கி, பழைய மரஞ்செடிகளை மீட்டு, மண்ணை வளப்படுத்தும் பணியாகும். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் பூட்டிக் கிடக்கும் வீடுகளிலும், முதியோர் மட்டும் வாழும் வீடுகளிலும் இத்தேவை மிகுதி. பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு ஒரே நாளில் இடத்தை வழித்துவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் வளமான மேல்மண்ணும், வீட்டுப் பெரியவர்கள் நட்ட மல்லிகையும் கறிவேப்பிலையும் புதரோடு சேர்ந்தே போய்விடும். எனவே படிப்படியாகச் செய்வதே நல்லது.

பாதுகாப்பு

புதர்களிலும் செங்கல், ஓட்டுக் குவியல்களிலும் பாம்பு, தேள், பூரான் ஆகியவை தங்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் காணப்படும் நஞ்சுள்ள பாம்புகள். முழங்கால் வரை மறைக்கும் காலணியும் தடித்த கையுறையும் அணிந்து, நீண்ட கழியால் தரையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். தனியாகச் செய்யக்கூடாது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.

உடைந்த தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றை முதல் நாளே அகற்ற வேண்டும். அவற்றில் தேங்கும் நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடுகிறது.

முதலில் அறிதல்

வெட்டுவதற்கு முன் தோட்டத்தைச் சுற்றிவந்து ஒரு தாளில் வரைபடம் வரைந்துகொள்ள வேண்டும். கிணறு, மூடப்படாத பழைய குழிகள், கழிவுநீர்த் தொட்டி, மரங்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். காக்க வேண்டிய செடிகளில் வண்ணத் துணி கட்டிவிட்டால் வேலையாட்கள் தவறி வெட்டமாட்டார்கள். தானாக முளைத்தவை எல்லாம் களை அல்ல. மூக்கிரட்டை, பொன்னாங்கண்ணி போன்றவை உணவுக்கு உதவும் கீரைகள். அவற்றுக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கலாம்.

களைகளும் நீக்கும் முறையும்

எல்லாக் களைகளுக்கும் ஒரே முறை பயன்படாது.

பார்த்தீனியம்: அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்தது. தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்ப்பதால், பூக்கும் முன்னரே வேரோடு பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கையில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து பிடுங்குவது நல்லது.

கோரை: மேலே அறுத்தால் மறையாது. மண்ணுக்குள் தொடர்ச்சியாக உள்ள கிழங்குகளிலிருந்து மீண்டும் முளைக்கும். கிழங்குகளைத் தோண்டிப் பொறுக்கி வெயிலில் நன்கு காயவிட வேண்டும், உரக்குழியில் இடக்கூடாது.

சீமைக் கருவேலம்: தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில், களை நீக்கி நனைத்த மண்ணை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால், வெப்பத்தால் மேல்மண்ணில் உள்ள களை விதைகள் பல அழியும். சருகுகளுக்குத் தீ வைக்கக்கூடாது. மண்ணில் வாழும் உயிர்கள் அழிவதுடன் அருகிலுள்ள மரங்களின் பட்டையும் கருகும்.

பழைய மரஞ்செடிகளை மீட்டல்

முதலில் காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உராயும் கிளைகளை நீக்க வேண்டும். மாமரத்தில் காய்ப்பு முடிந்தபின் இதைச் செய்யலாம். ஒரே ஆண்டில் பெரும்பகுதியை வெட்டினால் மரம் நலியும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செய்ய வேண்டும். ஒட்டுச்செடிகளில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால் கோடையில் நன்கு பூக்கும். செடி முருங்கையை அறுவடைக்குப்பின் ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் புதிதாகக் கிளைத்துக் காய்க்கும்.

மண்ணை வளப்படுத்துதல்

விதை கட்டாத களைகளையும் சருகுகளையும் சாணக் கரைசல் தெளித்து அடுக்கடுக்காகக் குழியில் இட்டால் சில மாதங்களில் மக்கு உரமாகும். வெறுமையான இடத்தில் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதால் அல்லது கொத்திவிட்டால் மண்ணில் தழைச்சத்து சேரும். வெறும் தரையில் களை விரைவில் திரும்பும் என்பதால், சருகு அல்லது தென்னை மட்டையால் மூடாக்கு இட வேண்டும்.

காலமும் தொடர்ச்சியும்

கோடையில் புதரை நீக்கி மண்ணைத் தயார் செய்தால் ஆடிப்பட்டத்தில் அவரை, பூசணி, பீர்க்கு, வெண்டை விதைக்கலாம். மரக்கன்றுகளை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் நடலாம். இடம் பெரிதாயின், வீட்டு வாசலை ஒட்டிய பகுதியில் தொடங்கி, கவனிக்க முடியும் அளவே விரிவுபடுத்த வேண்டும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் களையெடுத்தாலே புதர் மீண்டும் மண்டாது.

மாணவர்களுக்கான செயல்பாடு

கொல்லையில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கயிற்றால் அடைத்து, அதிலுள்ள செடிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்க. களை நீக்கி ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணுக. பெயர் தெரியாத செடிகளை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டறிக. எந்தக் களை விதையால் பரவுகிறது, எது கிழங்கால் திரும்புகிறது என்பதை இதனால் நேரில் கண்டுகொள்ளலாம்.