எரியும் இறக்கையின் மேல்



இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய 'லங்காஸ்டர்' குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் செல்வர். விமானிக்கு வலப்புறம் இருப்பவர் விமானப் பொறியாளர். நான்கு எஞ்சின்களின் வெப்பத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் கவனிப்பதும், ஒவ்வொரு தொட்டியிலும் எவ்வளவு பெட்ரோல் மிஞ்சியுள்ளது எனக் கணக்கிடுவதும் அவரது பணி. கணக்குத் தவறினால் எழுவருமே வீடு திரும்ப முடியாது. பிறர் கண்ணில் படாத, ஆனால் எழுவரின் உயிரையும் தாங்கும் பணி அது.

லண்டன் ஈலிங்கில் 1919-இல் பிறந்த நார்மன் ஜாக்சன் அத்தகைய பொறியாளர். ஃபிட்டராகத் தொழில் கற்றவர். தமக்குரிய 30 பயணங்களை முடித்த பின்பும், தம் குழுவினரோடு சேர்ந்தே பணியை நிறைவு செய்ய இன்னொரு முறை புறப்பட்டார்.

1944 ஏப்ரல் 26 இரவு. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகர்மீது குண்டு வீசித் திரும்புகையில் எதிரி விமானம் தாக்கியது. வலது இறக்கையில், பெட்ரோல் தொட்டிக்கு அருகே தீப்பிடித்தது. அந்தத் தீ தொட்டியை எட்டினால் என்ன ஆகும் என்பது ஜாக்சனுக்கு நன்றாகவே தெரியும். காலிலும் தோளிலும் காயம்பட்டிருந்த அவர், விமானியின் அனுமதி பெற்று, தீயணைப்பானை மேலுடைக்குள் செருகிக்கொண்டு, மேற்கூரைத் திறப்பு வழியே வெளியேறினார். உயரமோ 20,000 அடி. வேகமோ மணிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர்!

வெளியேறும்போதே அவரது பாராசூட் விரிந்துவிட்டது. தோழர்கள் மூவர் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, அவர் நகர நகர மெல்ல விட்டுக்கொடுத்தனர். வழுக்கி இறக்கைமேல் விழுந்த அவர் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டார். தீயணைப்பானோ கைநழுவிப் போயிற்று. முகமும் கைகளும் வெந்தன. காற்று அவரை அடித்துச் சென்றது. எரிந்துகொண்டிருந்த பாராசூட்டோடு தரையில் விழுந்து, கணுக்கால் முறிந்த நிலையில் ஊர்ந்தே ஒரு கிராமத்தை அடைந்து போர்க்கைதியானார். மற்ற நால்வரும் குதித்துப் பிழைத்தனர். விமானியும் பின்புறத் துப்பாக்கி வீரரும் இறந்தனர். 1945 அக்டோபரில் ஜாக்சனுக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அவர் 1994-இல் காலமானார்.

நகரங்கள்மீது பொழிந்த குண்டுகள் பொதுமக்கள் பலரின் உயிரையும் குடித்தன. ஆகவே, போரை நாம் போற்றவில்லை. தோழருக்காகத் தம்மையே பணயம் வைத்த ஒரு மனிதரை எண்ணிப் பார்க்கிறோம்.

அந்தத் தீ அணையவில்லை. பயனை மட்டும் பார்த்தால் அது தோல்வியே. ஆயினும், ஆபத்தை யாரைவிடவும் நன்கு அறிந்தவரே முதலில் எழுந்தார். அவர் கற்ற தொழில் அவருக்கு ஆபத்தைக் காட்டியது; அன்பு அவரை வெளியே அனுப்பியது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த கைகளையும் மறவாதிருப்போம். எல்லாராலும் இறக்கைமேல் ஏற இயலாது. ஏறுகிறவருக்காகக் கயிற்றைப் பிடிக்க நம்மால் இயலும்.