உழைப்பும் வாடகையும்: உரோமச் சட்டத்தின் எச்சம் ஒன்று

உரோமர் இன்றைய உலகுக்கு விட்டுச்சென்றவை யாவை என வினவும்போது நெடுஞ்சாலைகள், நீர்ப்பாலங்கள், மாதப் பெயர்கள், இலத்தீன் எழுத்துக்கள் என்பன சுட்டப்படுவது வழக்கம். இவை கண்ணுக்குப் புலனாவன. உழைத்து வாழ்வோரின் அன்றாட வாழ்வில் இவற்றிலும் ஆழமாக ஊடுருவி நிற்பது உரோமரின் சட்டச் சிந்தனையாகும். அதன் ஒரு கூற்றினை, அதாவது உழைப்பு ஒப்பந்தம் பற்றிய கருத்தினை, இக்கட்டுரை நோக்குகின்றது.

உரோமச் சட்டத்தின் பார்வையில் அடிமை வாங்கவும் விற்கவும் வாடகைக்கு விடவும் கூடிய உடைமையாவான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய வார்ரோ, பண்ணைக் கருவிகளை மூவகைப்படுத்தும் பாகுபாடொன்றைத் தருகின்றார். பேசும் கருவி அடிமை. தெளிவற்ற ஒலியெழுப்பும் கருவி எருது. ஊமைக் கருவி வண்டி. இத்தகைய சமுதாயத்திலே சுதந்திரமான ஏழையொருவன் கூலிக்கு உழைக்க முன்வந்தபோது அவ்வுறவுக்கெனத் தனியான சட்டவடிவம் தோன்றவில்லை. வீட்டையோ அடிமையையோ வாடகைக்கு விடும் 'லொகாட்டியோ கொண்டக்டியோ' என்ற ஒப்பந்தமே அதற்கும் பயன்பட்டது. தமிழில் வாடகை, குத்தகை, கூலி என நாம் வேறுபடுத்துவனவற்றை இலத்தீனில் 'மெர்செஸ்' என்ற ஒரே சொல் குறித்தது. கி.மு. 44இல் சிசரோ, கூலியை அடிமைத்தனத்துக்கான ஈடாகவே கருதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்தது. ஆயினும் 533இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஜஸ்டினியன் பேரரசன் வெளியிடுவித்த 'டைஜெஸ்ட்' என்னும் சட்டத்திரட்டு, பதினோராம் நூற்றாண்டின் இறுதியளவில் இத்தாலியின் பொலோஞா நகரில் மீண்டும் பயிலப்படலாயிற்று. இது தற்செயலானதன்று. வணிகமும் நகரங்களும் வளர்ச்சியுற்ற காலம் அது. நிலமானிய உறவுகளுக்குள் அடங்காத தனியுடைமை, கடன், ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு வேண்டிய திட்டவட்டமான வரையறைகள் உரோமச் சட்டத்தில் ஆயத்தமாக இருந்தன. பண்ட உற்பத்திச் சமுதாயத்துக்கு உலகளாவிய முறையில் அமைந்த முதற் சட்டமாக எங்கெல்ஸ் அதனை 1886இற் கணித்தமை இதனாலேயே. சட்டம் முதலாளித்துவத்தைப் படைக்கவில்லை. வளர்ந்துவந்த முதலாளித்துவம் தனக்குப் பொருந்திய சட்டத்தைப் பழமையிலிருந்து தேர்ந்துகொண்டது.

1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டக்கோவை இதற்குத் தக்க சான்றாகும். நிலமானியத் தளைகளை அறுத்து, குடிமக்கள் யாவரும் சட்டத்தின்முன் சமம் என்ற அடிப்படையில் எழுந்த கோவை அது. அவ்வளவில் அது முற்போக்கானதே. ஆனால் அதன் 1708ஆம் உறுப்புரை பொருள்களை வாடகைக்கு விடுதல், வேலையை வாடகைக்கு விடுதல் என உரோமர் வழியிலேயே வகுத்தது. கூலித்தொகை பற்றிய பிணக்கில் எசமானின் வாய்மொழியே நம்பப்படும் என 1781ஆம் உறுப்புரை விதித்தது. ஒப்பந்தம் செய்வோர் இருவரும் சமம் எனக் கூறிய அதே கோவை, ஒருவனது சொல்லுக்கு மட்டும் மதிப்பளித்தது. அவ்வுறுப்புரை 1868இலேயே நீக்கப்பட்டது.

இம்மரபு இலங்கையையும் வந்தடைந்தது. ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-டச்சுச் சட்டத்தை 1799 செப்ரெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தின் மூலம் பிரித்தானியர் தொடர்ந்து பேணினர். இன்றும் அதுவே இந்நாட்டின் பொதுச்சட்டம். அச்சட்டத்தின்படி வேலை ஒப்பந்தம் என்பது சேவையை வாடகைக்கு விடுதலாகும். ஒப்பந்தத்திற் கண்ட சொற்களுக்கு அப்பால், உழைப்பவனின் வறுமையையும் அவனது தெரிவின்மையையும் அது கணக்கிலெடுப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இற் கொண்டுவரப்பட்ட திருத்தம் தொழில் நியாயசபைகளை உருவாக்கியது. ஒப்பந்தம் எவ்வாறு கூறினும் நீதியும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் அவற்றுக்கு வழங்கப்பட்டது. ஈராயிரமாண்டு பழமையான வாடகைக் கருத்தில் ஏற்பட்ட முக்கியமான உடைப்பு இதுவெனலாம்.

உழைப்பு விற்பனைப் பண்டமன்று எனச் சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1944இற் பிலடெல்பியாவிற் பிரகடனஞ் செய்தது. பிரகடனத்தால் மட்டும் உற்பத்தி உறவுகள் மாறிவிடுவதில்லை. தொழிற் சட்டங்களைத் தளர்த்தி, எசமானும் தொழிலாளியும் தம் விருப்பப்படி ஒப்பந்தஞ் செய்ய விடுதலே நவீனமானது என வாதிடப்படும்போது, அவ்வாதம் நம்மை எங்கே இட்டுச்செல்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அது நம்மை அழைப்பது எதிர்காலத்துக்கன்று. வீட்டையும் எருதையும் மனிதனையும் ஒரே ஒப்பந்தத்தால் வாடகைக்கு விட்ட உரோமப் பண்ணைக்கேயாகும்.