இறைத்தும் வாராத தூய்மை

“இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்” என்பது நம் முன்னோர் வாய்மொழி. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய மக்களின் அனுபவம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கின்றது. கிணற்றில் அழுக்கு விழுந்துவிட்டாற் கூட, நீரை முற்றாக இறைத்துச் சேற்றை வாரிவிட்டாற் புதுநீர் ஊறிவிடும் என்பது நமது நம்பிக்கை. ஆயின், கிணற்றுக்கு நீரூட்டும் நிலத்தையே நஞ்சு பற்றிக்கொண்டால் இவ்விதி பொருந்துமா? மேலைநாட்டுப் பொறியியலாளர் பெரும்பொருள் செலவிட்டுக் கண்ட விடையை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இயந்திர உறுப்புக்களிற் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கத் திரைகுளோரோ எதிலீன் என்னும் திரவத்தைத் தொழிற்சாலைகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தன. புற்றுநோயை விளைக்கவல்ல அத்திரவம் நீரினும் கனமானது. மண்ணிற் சிந்தினால் நீர்மட்டத்தையுங் கடந்து ஆழத்துக்கு இறங்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு நஞ்சேறிய நிலங்களைத் தூய்மைப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டபோது, பெரும்பாலும் கையாளப்பட்ட முறை இறைத்துச் சுத்திகரித்தலேயாம். குழாய்க் கிணறுகளினின்று பம்பிகள் நீரை மேலேற்றும். உயர்ந்த கோபுரமொன்றின் உச்சியினின்று அந்நீர் சிறு துளிகளாய் வீழும். அடியிலிருந்து காற்று வேகமாக ஊதப்படும். எளிதில் ஆவியாகும் நஞ்சு காற்றோடு போய்விடும். எஞ்சியதை நுண்டுளைகள் நிறைந்த கரித்தூள் பற்றிக்கொள்ளும். நமது நாட்டுத் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் இவ்வாறு பதப்படுத்தப்பட்டு நீர் வடிக்கும் பணிக்காகப் பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

மேலே வந்த நீரை இக்கருவிகள் செவ்வனே தூய்மையாக்கின. ஆனால் நிலம் தூய்மையாகவில்லை. களிமண்ணின் நுண்ணிடைவெளிகளிற் புகுந்த நஞ்சு, எவ்வளவு இறைப்பினும், சிறிது சிறிதாகவே வெளிப்பட்டது. பம்பியை நிறுத்தினால் நஞ்சின் அளவு மீண்டும் ஏறியது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட 77 இடங்களுள் 69இல் தூய்மை இலக்கு எய்தப்படவில்லை எனக் காண்கிறோம். இறைத்த கிணறு ஊறிற்று. ஊறியதும் நஞ்சாகவே இருந்தது.

வேறொரு வழி கனடாவிற் புலப்பட்டது. 1980களில் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில், நீர்மாதிரி எடுக்கும் குழாய்களை எப்பொருளாற் செய்தல் நன்று என்பதைச் சோதித்தனர். சில உலோகங்களைத் தொட்ட நீரில் குளோரீன் சேர்ந்த நஞ்சுகள் குறைந்து போயின. பரிசோதனைக்கு இடையூறென்று ஒதுக்கிவிடத்தக்க இந்நிகழ்ச்சியைப் பேராசிரியர் றொபேட் கில்லம் ஒதுக்கவில்லை; அதனையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். இரும்பு துருப்பிடிக்கும்போது இலத்திரன்களை வெளிவிடுகின்றது. அவற்றை ஏற்கும் நஞ்சின் மூலக்கூறு குளோரீனை இழந்து, பெரும்பாலும் தீங்கற்ற எளிய பொருள்களாகச் சிதைகின்றது.

1991இல் ஒன்ராறியோ மாகாணத்துப் போர்டன் இராணுவத் தளத்தில், நிலத்தடி நீர் செல்லும் பாதைக்குக் குறுக்கே ஒரு சுவர் புதைக்கப்பட்டது. நூற்றுக்கு 22 பங்கு இரும்புத் துருவலும் 78 பங்கு மணலும் கலந்த சுவர் அது. பம்பியில்லை, கோபுரமில்லை. நீர் தன் இயல்பான ஓட்டத்தில் அதனூடு கசிந்து சென்றது. திரைகுளோரோ எதிலீனில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கு அங்கே அழிந்தது. 1995இற் கலிபோர்ணியாவின் சனிவேல் நகரில், முன்னர் இயங்கிய இறைப்புப் பொறிகளுக்குப் பதிலாக இத்தகைய இரும்புச் சுவரே அமைக்கப்பட்டது.

இதனைப் படித்தபோது, நமக்கும் ஒரு சுவர் போதுமே என்ற எண்ணம் என்னுள் எழாமலில்லை. வலிகாமத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரிற் கழிவெண்ணெய் கலந்தமை நாடறிந்த செய்தி. அது பற்றிய வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு ஒரு மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஆனால் குளோரீனைக் கழற்றும் இரும்பு எண்ணெயைச் சிதைப்பதில்லை. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது. அதனை வழித்தெடுத்தல் வேண்டும், காற்றூட்டி நுண்ணுயிர்களை உண்ணச் செய்தல் வேண்டும். அன்றியும், போர்டன் நிலம் மணற்பாங்கானது. அங்கு நீர் செல்லும் பாதையை அளந்து சுவர் வைக்கலாம். நமது சுண்ணாம்புக் கல்லிலோ வெடிப்புக்களும் குகைவழிகளும் மலிந்துள்ளன. அவற்றுள் நீர் எங்கே விரைந்தோடும், எங்கே தேங்கும் என்பதை அறியாமல் எச்சுவரை எங்கே எழுப்புவது?

ஆதலின், கருவியை விலைகொடுத்து வாங்கலாம். அதனை வைக்கும் இடத்தைப் பற்றிய அறிவை வாங்க முடியாது. அவ்வறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். நமது ஆசிரியர்களிடம் நான் கேட்பது சிறியதொரு பணி. ஊர்க்கிணறுகளின் நீர்மட்டத்தை மாரியிலும் கோடையிலும் மாணாக்கரைக்கொண்டு அளப்பித்து, ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வைக்கட்டும். பல கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்புநோக்கினாற் காலடியில் நீர் எத்திசை செல்கின்றது என்பது ஓரளவு தெரியவரும். நஞ்சு கலந்த பின் அக்குறிப்பேட்டை எழுதத் தொடங்குதல், வெள்ளம் வந்த பின் அணை கோல முயல்வதை ஒக்கும்.